அறுக்க மனசு வராத வலை: வைகை அணையில் எங்கள் படகு மூழ்கப் பார்த்த மதியம்

மதுரையில் இருப்பவர்களுக்கு வைகை அணை என்பது பெரும்பாலும் ஓர் எண்தான். 71 அடியில் இன்றைக்கு எத்தனை அடி என்று பேப்பரில் பார்ப்போம். 66 வந்தால் முதல் எச்சரிக்கை, 68.5 வந்தால் இரண்டாவது, 69 தொட்டால் மூன்றாவது. அதற்கு அப்புறம் ஆற்றில் தண்ணீர் வரும், யானைக்கல் தரைப்பாலம் முங்கும், வேடிக்கை பார்க்கப் போவோம். நானும் அந்த அளவில்தான் இருந்தேன். என் மனைவிக்கு ஊர் ஆண்டிபட்டிப் பக்கம். அவள் தம்பி அணையில் அனுமதி பெற்று மீன்பிடிக்கும் குழுவில் ஒருவர். தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை அவருடன் படகில் போனேன். மூன்று பேர் போனோம், மூன்று பேரும் திரும்பி வந்தோம். ஆனால் அது எங்கள் கெட்டிக்காரத்தனத்தால் மட்டும் நடந்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் வேலை பார்ப்பது கப்பலூரில் ஒரு தொழிற்சாலையில். அங்கே கை நசுங்கினாலும் சரி, நசுங்கப் பார்த்துத் தப்பினாலும் சரி, ஒரு அறிக்கை எழுத வேண்டும். யார் தப்பு என்று எழுதக் கூடாது. எதற்கு அப்புறம் எது நடந்தது, எந்த இடத்தில் வேறு மாதிரி செய்திருக்கலாம் என்று மட்டும் எழுத வேண்டும். பதினாறு வருடமாக எழுதுகிறேன். அதே பழக்கத்தில்தான் இதையும் எழுதுகிறேன். அன்றைக்குக் குடித்திருந்தீர்களா என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. இல்லை. அந்தப் பழியைப் போட்டு இதை முடித்துவிட முடியாது.

இடம்

அணை 1959-இல் திறக்கப்பட்டது. சுவரின் உயரம் 111 அடி, தண்ணீர் தேக்குவது 71 அடி வரை. தெற்கே வருசநாட்டு மலை, வடக்கே கொடைக்கானல் மலையின் அடிவாரம். மேற்கே தேனி, அதைத் தாண்டிக் கம்பம் பள்ளத்தாக்கு. அந்தப் பக்கம் காற்றை மறிக்க ஒன்றும் கிடையாது. ஆண்டிபட்டி, கண்டமனூர் பக்கம் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை.

பார்க்க ஏரி மாதிரி இருந்தாலும் இதற்கு நிலையான கரை இல்லை. சித்திரையில் ஆடு மேய்ந்த இடத்தில் ஐப்பசியில் பத்தடி தண்ணீர் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் அங்கே சீமைக்கருவேலம் ஆள் உயரம் வளர்ந்துவிடும். தண்ணீர் ஏறும்போது அதை யாரும் வெட்டுவதில்லை, அப்படியே முங்கிப்போகும். மேலே பார்த்தால் கண்ணாடி, கீழே முள்ளுக்காடு. ஜிலேபி மீன் ஒதுங்குவது அந்தக் காட்டுக்குள்தான். அதனால் வலையும் அங்கேதான் போகிறது. கடலுக்கும் இந்தத் தண்ணீருக்கும் உள்ள முக்கியமான வித்தியாசம் இது என்று நினைக்கிறேன். கடலில் மாட்டினால் பாறை. எந்த இடம் என்று தலைமுறை தலைமுறையாகத் தெரிந்திருக்கும். இங்கே மாட்டும் இடம் வருடா வருடம் புதிதாக முளைக்கிறது.

அன்று மட்டம் அறுபது அடிக்குச் சற்றுக் கீழே இருந்தது.

படகும் ஆட்களும்

அணையில் பெரும்பாலானோர் பரிசலில்தான் போகிறார்கள். எங்களுடையது 14 அடி ஃபைபர் படகு. குழுவில் நாலு பேர் பணம் போட்டு, கடற்கரைப் பக்கத்தில் பழைய படகாக வாங்கி, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தது. பின்னால் மாட்டும் 9.9 குதிரைத்திறன் பெட்ரோல் இன்ஜின். எடை 40 கிலோவுக்குப் பக்கத்தில். இந்த மாதிரி படகுகளில் இன்ஜின் மாட்டுவதற்காகவே பின் பலகையை மற்ற விளிம்பைவிடத் தாழ்வாக வெட்டியிருப்பார்கள். மூன்று பேரும் படகில் பரவலாக உட்கார்ந்தால் அந்த வெட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும், அதாவது 22 சென்டிமீட்டர். இந்த ஒரு சாண் கணக்குதான் பின்னால் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

ஆட்கள் என்று பார்த்தால், மாப்பிள்ளை (மச்சினனை நான் அப்படித்தான் கூப்பிடுவது) சின்ன வயதிலிருந்து இந்தத் தண்ணீரில் கிடப்பவர். இரண்டாமவர் அவர் கூட்டாளி. தொண்டிப் பக்கத்துக்காரர், கடலில் கொஞ்ச காலம் போய்விட்டு, இங்கே பெண் எடுத்து இங்கேயே தங்கியவர். மூன்றாவது நான். 82 கிலோ. நீச்சல் தெரியும், ஆனால் கிணற்று நீச்சல். நாலு கை போட்டால் சுவர் வரும் என்ற நம்பிக்கையில் கற்றது.

லைஃப் ஜாக்கெட் மூன்று இருந்தன. ஒன்றை நான் போட்டிருந்தேன். காரணம் அறிவு இல்லை, அத்தை. "அதை மாட்டாம வீட்டுப் படி எறங்கக் கூடாது" என்று வாசலில் நின்றுவிட்டார். இரண்டாவது, முன் பலகையில் உட்காரும் மெத்தையாக இருந்தது. மூன்றாவது கொட்டகையில் ஆணியில் தொங்கியது.

நடந்தது

நேரங்களை என் போனில் இருந்த படங்களையும் அழைப்புப் பட்டியலையும் வைத்துச் சரிபார்த்தேன். நினைவில் இருந்த நேரம் ஒன்றுகூடச் சரியாக இல்லை.

முந்தின நாள் சாயங்காலம் போட்ட நரம்பு வலை, காலையில் எடுக்கப் போனபோது கீழே மாட்டிக்கொண்டது. பரிசலில் நின்று இழுத்தால் பரிசல்தான் வலையை நோக்கிப் போனது. சரி, மதியம் இன்ஜின் படகில் வந்து இழுத்துக்கொள்வோம் என்று ஒரு பெயிண்ட் டப்பாவை மிதவையாகக் கட்டி விட்டு வந்திருந்தார்கள். புது வலை, மூன்று துண்டு சேர்த்துக் கோத்தது. ஒரு ராத்திரி கூடுதலாகக் கிடந்தால் மாட்டிய மீன் அழுகும், வலையும் பாழ். போக வேண்டிய அவசரம் அவ்வளவுதான்.

2:35-க்குக் கிளம்பினோம். கரையில் பரிசலைக் கவிழ்த்துப் போட்டுத் தார் பூசிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் மேற்கே கையைக் காட்டினார். "மலை மறைஞ்சுருச்சு, பாத்தியா? நாளைக்குக் காலைல போனா என்ன, வலை எங்கிட்டுப் போயிரப் போகுது?" மாப்பிள்ளை இன்ஜின் கயிற்றை இழுத்துக்கொண்டே, "அரை மணி நேரந்தான் தாத்தா, போனதும் தெரியாது வந்ததும் தெரியாது" என்றார். அணையில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நான் படம் எடுத்தேன். அந்தப் படத்தில் இப்போது பார்த்தால், பின்னால் மலை இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சுவர் நிற்கிறது.

3:05-க்கு மிதவையைப் பிடித்தோம். முதலில் படகின் முன்பக்கம் நின்று கையால் இழுத்தார்கள். வந்தது, நின்றது. அஞ்சாறு ஜிலேபி, ஒரு கெளுத்தி. அதற்கு மேல் ஓர் அடிகூட நகரவில்லை. இருபது நிமிடம் போனது. அப்புறம்தான் அந்த முடிவு: வலையின் மேல் கயிற்றைப் பின் பலகையில் இன்ஜினுக்குப் பக்கத்தில் கட்டி, இன்ஜினை முடுக்கி இழுப்பது. கட்டினார்கள். இழுபடும் கயிற்றைப் பார்க்க நானும் பின்னால் போனேன். மூன்று பேரும் படகின் கடைசி நாலு அடியில்.

3:38-க்கு என் மனைவி போன் பண்ணினாள். இங்கே இடி இடிக்கிறது, எங்கே இருக்கிறீர்கள் என்றாள். கரையில் இருக்கிறோம் என்று பொய் சொன்னேன். (இந்த அறிக்கையில் நான் எழுதத் தயங்கிய வரி இதுதான். எங்களைத் தேட வேண்டிய நேரத்தில் ஒருவரும் தேடாமல் இருப்பதற்கு நானே ஏற்பாடு செய்திருந்தேன்.)

அதுவரை அடித்துக்கொண்டிருந்த லேசான காற்று அந்த நேரத்தில் சுத்தமாக நின்றது. இன்ஜின் புகை அப்படியே எங்கள் தலைக்கு மேலேயே நின்றது. அப்புறம் மேற்கே தண்ணீரின் மேல் கரிக்கோடு இழுத்த மாதிரி ஒரு கறுப்பு. அது நகர்ந்தது. "காத்து வருது" என்று கூட்டாளி சொல்லி முடிப்பதற்குள் முகத்தில் சில்லென்று அடித்தது. மழை இல்லை, வெறும் காற்று. வலையில் ஒரு தொய்வு விழுந்து, தொய்ந்த கயிற்றை இன்ஜின் விசிறி சுற்றிக்கொண்டது. இன்ஜின் நின்றது.

இப்போது படகு எப்படி நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். பின்புறம் கயிற்றால் அடித்தரையோடு கட்டியிருக்கிறது. காற்று படகைத் தள்ளுகிறது. கட்டிப்போட்ட மாடு கயிறு போகும் தூரம் போய் நிற்கிற மாதிரி, படகு திரும்பித் திரும்பிக் கடைசியில் தன் தாழ்ந்த முதுகை நேராகக் காற்றுக்குக் காட்டி நின்றது. முதல் இரண்டு அலை பலகையில் மோதித் தெறித்தது. மூன்றாவது தெறிக்கவில்லை. சத்தமே இல்லாமல், வாளியைச் சாய்த்து ஊற்றுகிற மாதிரி, பளபளவென்று உள்ளே வந்தது. கணுக்கால் நனைந்தது. அடுத்தது வந்தபோது பெட்ரோல் கேன் மிதக்க ஆரம்பித்தது.

"அணியத்துக்குப் போங்க! அணியத்துக்குப் போங்க!" என்று கூட்டாளி கத்தினார். எனக்கு அந்த வார்த்தையே தெரியாது. கடற்கரையில் படகின் முன்பக்கத்தை அப்படிச் சொல்வார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு அதே இடத்தில் நின்றேன். இரண்டு அலை அந்த நேரத்தில் உள்ளே வந்தது. கடைசியில் என் ஜாக்கெட்டைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

முடிச்சு அவிழவில்லை. அத்தனை இழுவையில் இருக்கும் நைலான் முடிச்சை நகத்தால் அவிழ்க்க முடியாது. கத்தி இருந்தது; முன் பலகைக்கு அடியில் ஸ்பேனர், பிளக் எல்லாம் இருக்கும் டப்பாவுக்குள், சாக்கில் சுற்றி. மாப்பிள்ளை தண்ணீரில் குதித்து விசிறியில் சுற்றியதை எடுக்கிறேன் என்று சட்டையைக் கழற்றினார். கூட்டாளி அவர் அரைஞாண் கயிற்றோடு சேர்த்துப் பிடித்து உட்கார வைத்தார். "வலைக்குள்ள எறங்குனா கால் வெளிய வராதுடா." நரம்பு வலை தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாது. நீச்சல் எவ்வளவு தெரிந்திருந்தாலும், உதைக்க உதைக்கக் கண்ணி இன்னும் நாலு விரலைப் பிடிக்கும்.

டப்பாவைத் திறந்து, சாக்கைப் பிரித்து, கத்தியை எடுத்து, கூட்டாளி குப்புறப் படுத்துப் பின்னால் ஊர்ந்து போய்க் கயிற்றை அறுத்தார். நாலு நிமிடம் இருக்கலாம். அறுத்ததும் படகின் பின்புறம் ஒரு துள்ளுத் துள்ளி மேலே வந்தது. அது இன்னும் எனக்கு உடம்பில் இருக்கிறது.

ஆனால் இன்ஜின் இல்லாத படகு அடுத்து அலைக்குப் பக்கவாட்டைக் காட்டித் திரும்பும். கூட்டாளி மீன் போடும் பிளாஸ்டிக் டப்பை, அந்த ஓட்டை ஓட்டையாக இருக்குமே, அதை நங்கூரக் கயிற்றில் கட்டி முன்பக்கத்திலிருந்து தண்ணீரில் வீசினார். டப் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு பின்தங்க, படகின் மூக்கு மெதுவாகக் காற்றைப் பார்த்துத் திரும்பியது. மூக்கு உயரம் இரண்டடி. அதற்கு அப்புறம் ஒரு அலைகூட உள்ளே வரவில்லை. அலை குறையவில்லை, அதே அலைதான். நான் பாதியாக வெட்டிய பக்கெட்டில் இறைத்தேன். எண்ணிக்கொண்டே இறைத்தேன். முப்பது வரை எண்ணியது நினைவிருக்கிறது.

மழை கொட்டியது, மின்னல் வெட்டியது. மூன்று பேரும் படகின் தரையில் ஒட்டி உட்கார்ந்தோம். காற்று கிழக்கே தள்ளிக்கொண்டே போனது. 4:40 வாக்கில் சேறும் கருவேல முள்ளுமான ஒரு கரையில் போய்ச் செருகினோம். மழைக்குள்ளேயே சாக்கைப் போர்த்திக்கொண்டு, கயிற்றுச் சுருளோடு கரையோரமாக நடந்து வந்துகொண்டிருந்தார் அந்தப் பெரியவர். கூட இரண்டு பையன்கள். படகு அடித்துக்கொண்டு போவதை அவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். வலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வரக்காப்பி வாங்கிக் கொடுத்தார்.

காற்றா, கயிறா?

ஊரில் எல்லோரும் சொல்வது காற்று. திடீரென்று அடித்துவிட்டது, என்ன செய்ய முடியும் என்கிறார்கள். மாப்பிள்ளையும் இன்றுவரை அப்படித்தான் சொல்கிறார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அதே காற்று, அதே அலை, மூக்கு திரும்பிய பிறகு படகுக்குள் ஒரு சொட்டு வரவில்லை. ஆகவே காற்று அல்ல விஷயம்.

கணக்கைப் பார்ப்போம். இந்த அளவுப் படகில் தோராயமாக 45 கிலோ ஏற்றினால் அது ஒரு சென்டிமீட்டர் அமிழும். மூன்று பேர் பரவி உட்கார்ந்தால் ஐந்து சென்டிமீட்டர், பயப்பட ஒன்றுமில்லை. அதே ஆட்களில் இரண்டு பேர் நடுவிலிருந்து இரண்டு மீட்டர் பின்னால் போனால் கதை வேறு. படகு மொத்தமாக அமிழ்வதில்லை, சாய்கிறது. என் கணக்கில் பின் பலகை இன்னும் 12 சென்டிமீட்டர் இறங்கியிருக்கும். ஒரு சாணில் மீதி பத்து. இதில் கயிறு வேறு கீழ்நோக்கி இழுக்கிறது, இன்ஜின் முடுக்கமும் பின்புறத்தை அழுத்துகிறது. அப்படிப் பார்த்தால் பத்துகூட இருந்திருக்காது.

இனி அலை. மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று, மறிப்பில்லாமல் நாலு கிலோமீட்டர் தண்ணீரின் மேல் ஓடி வந்தால் எழுவது ஒன்றேகால் அடிக்குள்தான். கடல்காரர் சிரிப்பார். ஆனால் கடலில் ஒரு அலைக்கும் அடுத்ததற்கும் எட்டு, பத்து விநாடி இருக்கும். படகு ஏறி இறங்க நேரம் கிடைக்கும். இங்கே இரண்டு விநாடிக்கு ஒன்று. ஒன்றேகால் அடி அலையில் பாதி, அதாவது கிட்டத்தட்ட 18 சென்டிமீட்டர், தண்ணீர் மட்டத்துக்கு மேலே நிற்கும். எங்களிடம் மிச்சம் இருந்தது பத்து. வேறு எதையும் பார்க்க வேண்டாம்.

உள்ளே வந்த தண்ணீரும் சும்மா கிடக்காது. படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடி, சாய்வைக் கூட்டும். ஆளும் அப்படித்தான். தேக்கடியில் 2009 செப்டம்பர் 30-ஆம் தேதி சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. கரையில் விலங்குகளைப் பார்க்க ஆட்கள் ஒரே பக்கமாக நகர்ந்ததும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அங்கே விலங்கு, இங்கே மாட்டிக்கொண்ட வலை. பார்க்க எழுந்து போவது ஒன்றுதான்.

இந்தப் பகுதியில் நான் வந்து சேர்ந்த இடம்: படகின் பின்புறத்தில் எதையும் கட்டக் கூடாது. வலையானாலும் நங்கூரமானாலும் முன்பக்கம்தான். முன்னால் கட்டியிருந்தால் அதே காற்று எங்கள் மூக்கைத் தானாகவே அலைக்குத் திருப்பியிருக்கும். அந்த மூன்று துண்டு வலையே நல்ல நங்கூரமாக இருந்திருக்கும்!

கத்தி

தொழிற்சாலை அறிக்கையில் "திரும்பியிருக்கக்கூடிய இடம்" என்று ஒரு கட்டம் உண்டு. எங்களுக்கு அப்படி மூன்று இடம் இருந்தது. பெரியவர் சொன்னபோது, கையால் இழுத்து வராதபோது, காற்று நின்றபோது. மூன்று இடத்திலும் செய்ய வேண்டியது ஒன்றே: அறுத்துவிட்டு வருவது. மூன்று இடத்திலும் நாங்கள் செய்யாதது அதுதான். கத்தி டப்பாவுக்குள் சாக்கில் சுற்றி இருந்ததை நான் வெறும் கவனக்குறைவாகப் பார்க்கவில்லை. வலையை அறுக்கும் எண்ணம் படகில் ஒருவருக்கும் இல்லை, அதனால் கத்தி கைக்கு எட்டும் இடத்தில் இல்லை. கடன் வாங்கிப் போட்ட வலையை அறு என்று சொல்ல மாதச் சம்பளக்காரனான எனக்கு வாய் எளிது, தெரியும். ஆனாலும் நான்கூடச் சொல்லவில்லையே.

இப்போது படகில் இரண்டு கத்தி. ஒன்று முன்னால், ஒன்று பின்னால், உறையோடு, முழ நீளக் கயிற்றில் கட்டியபடி. மாப்பிள்ளை முதலில் இதற்குச் சம்மதிக்கவில்லை. கத்தி தெரிகிற மாதிரி இருந்தால் தொழில் விளங்காது என்றார். அவர் அக்கா ஒரு சத்தம் போட்டதும் சரி என்றார். எதைக் கட்டினாலும் ஒரு முனையை இழுத்தால் மொத்தமாக அவிழும் முடிச்சுதான். இன்ஜினை நிறுத்தும் சிவப்புச் சுருள் கயிறு, படகோடு வந்து இத்தனை நாள் பிரிக்காத கவரில் கிடந்தது. அது இப்போது ஓட்டுபவர் மணிக்கட்டில். ஓட்டுபவர் தண்ணீரில் விழுந்தால் இன்ஜின் தானே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஆளில்லாத படகு வட்டம் போட்டு அவர் மேலேயே வரும்.

அப்புறம் வார்த்தைகள். கிளம்பும் முன் "முன்னாடி", "பின்னாடி", "உக்காரு", "அறு" என்று நாலு சொல்லைப் பேசி வைத்துக்கொள்கிறோம். கேட்கச் சிரிப்பாக இருக்கும். அணியம் தெரியாமல் நான் நின்ற நேரத்துக்கு உள்ளே வந்த தண்ணீரை நானேதான் இறைத்தேன்.

மேகம்

இது பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை, பெரியவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். மலை மறைந்தால் அங்கே மழை என்று அர்த்தம். அந்த மழையில் குளிர்ந்த காற்று கீழே இறங்கி, பள்ளத்தாக்கு வழியாக மழைக்கு முன்னால் ஓடி வரும். நம் தலைக்கு மேலே வெயில் அடிக்கிறதா என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. காற்று பொத்தென்று நின்றுபோனால் வந்துவிட்டது என்று அர்த்தம். போனில் தாமினி செயலி போட்டிருக்கிறோம். 20, 40 கிலோமீட்டர் சுற்றில் மின்னல் இருந்தால் காட்டும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுவது பழைய வழி, மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் தண்ணீரின் மேல் இருக்கக் கூடாது. சிக்னல் இல்லாத இடத்திலும் இது வேலை செய்யும்.

கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது என்பதையும் இங்கேயே சேர்த்துவிடுகிறேன். எந்தப் பக்கம், எத்தனை மணிக்குத் திரும்புவோம், வராவிட்டால் எத்தனை மணிக்கு 112-க்குப் போடுவது. அந்த ஒருவரிடம் பொய் சொல்லாமல்.

நெஞ்சளவுத் தண்ணீரில் ஒரு சோதனை

இரண்டு வாரம் கழித்து மறுபடி போனேன். எனக்கு ஒரு கேள்வி இருந்தது: அன்று கயிறு அறுபடாமல் இருந்து படகு நிறைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஃபைபர் படகு மூழ்காது என்று குழுவில் எல்லோரும் நம்பினார்கள். மரம் மிதக்கும். ஃபைபர் தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனம். அது எப்படி மிதக்கும்?

இன்ஜினைக் கழற்றி, அதே இடத்தில் 40 கிலோ மணல் மூட்டை கட்டினோம். நெஞ்சளவுத் தண்ணீருக்குத் தள்ளிக்கொண்டு போய் விளிம்பைச் சாய்த்துத் தண்ணீர் விட்டோம். பாதி நிறையும் வரை ஒழுங்காக இருந்தது. அப்புறம் பின்புறம் ஒரே முட்டாக இறங்கிச் சேற்றில் போய் உட்கார்ந்தது. முன்னால் மூடிய அறை ஒன்று இருந்ததால் மூக்கு மட்டும் மேலே நீட்டிக்கொண்டு நின்றது, கிணற்றில் பாதி முங்கிய குடம் மாதிரி. யாரும் பேசவில்லை. மாப்பிள்ளை மட்டும், "அன்னைக்கு அங்க ஆழம் நாலு ஆளு மாமா" என்றார். (பின்னால் அது தப்பு என்று தெரிந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.)

தீர்வு மலிவானது. மூடி இறுகும் 20 லிட்டர் காலி எண்ணெய்க் கேன் எட்டு. ஒவ்வொன்றும் 20 கிலோவைத் தூக்கும். முழுகிய படகையும் இன்ஜினையும் மேலே வைத்திருக்கத் தேவை 75 கிலோ அளவுதான்; மிச்சம், விளிம்பைப் பிடித்துத் தொங்கும் ஆட்களுக்கு. பின்னால்தான் கனம் என்பதால் ஐந்து பின்புறம், மூன்று முன்புறம். தரையில் வைத்தால் படகைக் கவிழ்த்துவிடும், அதனால் விளிம்புக்குக் கீழே இரண்டு பக்கமும் ஒட்டிக் கட்டினோம். திரும்ப நிறைத்துப் பார்த்தோம். விளிம்பு தண்ணீரோடு தண்ணீராக நின்றது. மூன்று பேர் தொங்கியும் கீழே போகவில்லை. இந்தச் சோதனைக்கு ஒரு காலைப் பொழுதும் எட்டுக் கேனும்தான் செலவு. படகு வாங்குகிற ஒவ்வொருவரும் வாங்கிய அன்றே செய்யலாம். யாரும் செய்வதில்லை.

ஜாக்கெட்டையும் அப்போதே பார்த்தோம். தோள்பட்டையைப் பிடித்து ஒருவர் மேலே தூக்க வேண்டும். காது வரை ஏறினால் அது தொளதொள. தண்ணீரில் தாடைக்கு மேலே போய் மூச்சை அடைக்கும். அன்றைக்கு நான் போட்டிருந்தது காது வரை ஏறியது. மெத்தையாகக் கிடந்தது நசுங்கிப் பாதித் தடிமனில் இருந்தது, தூக்கிப் போட்டோம். மீனவர்கள் ஜாக்கெட் போடாததற்கு வெயிலைக் காரணமாகச் சொல்வார்கள். கூட இருந்து பார்த்ததில் அதைவிடப் பெரிய காரணம் வேறு ஒன்று: பக்கிள்களில் வலைக்கண்ணி மாட்டுகிறது. வலை இழுப்பவருக்கு அது வெறும் தொந்தரவு இல்லை, ஆபத்து. முன்னால் ஜிப் வைத்து, பட்டைகளை உள்ளே செருகிக்கொள்கிற மாதிரி வாங்கியதும் இரண்டு பேரும் முணுமுணுக்காமல் போடுகிறார்கள்.

சித்திரையில்

தண்ணீர் இறங்கிய பிறகு அந்த இடத்தைத் தேடி நடந்தே போனோம். வெடிப்பு விட்ட வண்டல், அதில் ஆட்டுக்கால் தடம். அங்கங்கே கருவேலம், அடித்தண்டு மணிக்கட்டுக் கனம். வலை தொங்கிக்கொண்டிருந்தது, வெளுத்துப் போய், சேறு காய்ந்து, கண்ணிக்குக் கண்ணி மீன் முள்ளோடு. ஒரு செடியில் இல்லை, வரிசையாக மூன்று செடியில் மாட்டியிருந்தது, மூன்றிலும் ஒரே பக்கமாகச் சுற்றி. நாங்கள் இழுத்தது அந்தச் சுற்று இறுகும் பக்கமாக. படகை எதிர்ப்பக்கம் கொண்டுபோய், கையால் இழுத்திருந்தாலே இரண்டு செடி விட்டிருக்கும். இன்ஜின் என்ன, டிராக்டர் வைத்து இழுத்திருந்தாலும் நாங்கள் நின்ற பக்கம் அது வந்திருக்காது.

பக்கத்தில் தண்ணீர் நின்ற தடம் மண்மேட்டில் கோடாகத் தெரிந்தது. அதை வைத்து மாப்பிள்ளை ஒரு கம்பால் அளந்தார். ஆழம் பதினோரு அடி. அவர் சொன்ன நாலு ஆள் இல்லை, இரண்டு ஆள். கம்பைக் கீழே போட்டுவிட்டு அவர் வலையில் கை வைத்தார். மேல் கயிறு இற்றுப்போயிருந்தது. தக்கைகள் மட்டும் நன்றாக இருந்தன. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, கத்தியால் அறுத்து, கொண்டுவந்திருந்த சாக்கில் போட ஆரம்பித்தார்.